மிக்சிக்கு மேலே ஒரு பாட்டு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்கா வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தபோது, ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்பீக்கர் பதித்தே தீர வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். 8 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வந்தன. அட்டைப் பெட்டியில் 120 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. அடுப்புக்கு மேலே ஒன்று, வாசல் பக்கம் ஒன்று. அடுப்படியில் நின்றால் பாட்டு கணீரென்று கேட்டது. மூன்றடி தள்ளி சிங்க் மூலைக்குப் போனால், பாடுகிறவர் வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது. குரல் வருகிறது, சொல் புரியவில்லை.

ஸ்பீக்கரில் பழுது ஒன்றும் இல்லை. அது இயற்பியலுக்குக் கட்டுப்பட்டு நடந்துகொண்டது, அவ்வளவுதான்.

நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 100 தடவை, அதிரும் தவிலின் ‘தொம்’ சத்தத்துக்கு அலைநீளம் மூன்றரை மீட்டர். ஸ, ஷ எழுத்துகளில் வரும் சீறல் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அதன் அலைநீளம் வெறும் 7 செ.மீ. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தக் குட்டி அலைகள்தான்.

கடலூர் துறைமுகத்தில் முகத்துவாரத்தின் ஓரம் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். திறப்பின் அகலத்தோடு ஒப்பிட நீளமான அலை, உள்ளே நுழைந்ததும் விசிறி மாதிரி இரு பக்கமும் விரியும். சின்ன அலை திரும்பிப் பார்க்காமல் நேரே போய்விடும். ஸ்பீக்கரின் கூம்பும் ஒரு முகத்துவாரம்தான். 20 செ.மீ. அகலக் கூம்பிலிருந்து கிளம்பும் மூன்றரை மீட்டர் அலை அறை முழுக்கப் பரவுகிறது, 7 செ.மீ. அலை நேர் கீழே இறங்கி, நிற்கிறவர் தலையில் மட்டும் விழுகிறது. சிங்க் மூலைக்குத் ‘தொம்’ போகிறது, ‘ஸ’ போகவில்லை.

இதற்கு மருந்து ட்வீட்டர். ஓர் அங்குலம், அதாவது இரண்டரை செ.மீ. விட்டமுள்ள சின்னக் குமிழ். 7 செ.மீ. அலையைவிடச் சிறியது என்பதால் அதிலிருந்து வரும் சீறல் நன்றாக விரிகிறது. பெரிய கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. கூரைக்கு அவைதான் சரி. அக்கா வீட்டில் வாங்கியதில் ட்வீட்டரே கிடையாது.

எத்தனை வேண்டும்? கூரை 9 அடி, காது 5 அடி உயரத்தில் என்றால் இடைவெளி 4 அடி. ஒலி நேர் கீழிருந்து இருபுறமும் 45 பாகை விரிந்தால், காது மட்டத்தில் 8 அடி அகல வட்டம் கிடைக்கும். 10-க்கு 8 அடி சமையலறைக்கு நடுவில் ஒன்று போதும். ஆனால் அது இரட்டைச் சுருள், அதாவது கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் இரண்டு, உள்ளதாக இருக்கட்டும். இடது, வலது இரண்டு தடங்களையும் அதுவே வாங்கிப் பாடும். ஒரு தடத்தை மட்டும் கொடுத்தால் சில பாட்டுகளில் வயலினே காணாமல் போகும். ‘ஸ்டீரியோ போய்விடுமே’ என்பார்கள். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடந்துகொண்டே இருக்கிறவருக்கு எது இடது, எது வலது?

வாட்ஸ் விஷயத்துக்கு வருவோம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 87 உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 உள்ளதை எடுத்தால், ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். சமையலறையில் அந்த ஒரு வாட்டே தாராளம். மிக்சியை மட்டும் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அது 85 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். சட்னி அரைபடும் ஒரு நிமிஷம் பாட்டை நிறுத்திவிட்டால் காதுக்கு நல்லது.

கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. பின்பக்கம் திறந்திருந்தால் அந்த ஒலி சீலிங்குக்குள் புகுந்து பக்கத்து அறையில் கேட்கும். பின்னால் மூடு பெட்டி அவசியம். அப்புறம் தட்டு ஸ்டாண்ட். ஏதோ ஒரு சுரத்துக்கு மட்டும் எவர்சில்வர் தட்டு ஒன்று ‘ர்ர்ர்’ என்று கூடவே பாடும். விரலை வைத்தால் நின்றுவிடும். தட்டின் சொந்த அதிர்வும் அந்தச் சுரமும் ஒன்றாகிவிடுவதுதான் காரணம். தட்டை இடம் மாற்றி வைத்தாலோ பேஸைக் கொஞ்சம் குறைத்தாலோ போதும்.

கடற்கரை ஊரில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரும்பு ஜாலி துருப்பிடிக்கும், அலுமினியம் நல்லது. காகிதக் கூம்பு ஈரத்தை இழுக்கும், நுரை விளிம்பு சில வருஷத்தில் பொடிந்து உதிரும். பாலிப்ரோப்பிலீன் கூம்பு, ரப்பர் விளிம்பு என்று கேட்டு வாங்குங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம். தாளிப்பு எண்ணெய்ப்புகை ஜாலியில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஃபால்ஸ் சீலிங் இல்லாத வீட்டில் கான்கிரீட்டைக் கொத்தவே கூடாது. கம்பி வெளியே தெரிந்தால் துரு ஆரம்பம். புதுச்சேரிப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸும், அந்த மர உத்திரமும் சுண்ணாம்புச் செங்கல்லும், வெட்டுகிற சமாச்சாரம் இல்லை. சுவரில் மாட்டும் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அக்கா வீட்டில் இப்போது நடுவில் ஒரே ஓர் ஆறரை அங்குல ஸ்பீக்கர். வாசல் பக்க ஓட்டையில் வட்ட எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. அடுப்புக்கு மேலே இருந்ததை ஜிப்சம் துண்டால் அடைத்துப் பட்டி பார்த்தாயிற்று. மாமா மட்டும் காபி குடிக்க வரும்போதெல்லாம் அந்த இடத்தை நிமிர்ந்து பார்த்து, “120 வாட்ஸ்டா அது” என்கிறார்.