தெருவுக்கு அடியில் ஒரு ஜோடி

வீட்டுத் தொலைபேசிக்கு மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவரை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டில் மணி அடிக்கிறது. எனக்கு மட்டும் ஏன் இல்லை?

செம்புக் கம்பித் தொலைபேசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக இரண்டு கம்பிகள் வேண்டும். குடிநீர்க் குழாயைப்போல ஒன்றிலிருந்து பத்துப் பேருக்குக் கிளை பிரிக்க முடியாது. பிரித்தால் ஒருவர் பேச்சு அடுத்தவருக்குக் கேட்கும். ஊரின் தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் இணைப்பகத்தின் (எக்ஸ்சேஞ்ச்) மின்கலம் அந்த ஜோடியில் 48 வோல்ட் அழுத்தத்தை வைத்திருக்கிறது. ரிசீவரை எடுத்ததும் சுற்று முழுமையாகி மின்னோட்டம் பாய்கிறது. யாரோ பேச விரும்புகிறார் என்பதை இணைப்பகம் அப்படித்தான் அறிகிறது. வீட்டில் மின்சாரம் போனாலும் சாதாரணத் தொலைபேசி பேசுவது இதனால்தான்.

இணைப்பகத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஜோடிகளுடன் தடித்த கேபிள் ஒன்று புறப்பட்டுத் தெருமுனைப் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து சிறிய கேபிள், பிறகு கம்பத்துப் பெட்டி, கடைசியில் வீடு. இந்த வழி நெடுக ஓர் ஜோடி காலியாக இருந்தாக வேண்டும். எங்காவது ஓரிடத்தில் இல்லையென்றாலும் இணைப்பு இல்லை. எதிர்வீடு வேறொரு பெட்டியைச் சேர்ந்ததாக இருக்கலாம். அந்தப் பெட்டியில் இடம் இருந்திருக்கும்.

காலி ஜோடிகள் சத்தமில்லாமல் குறைந்துகொண்டும் வருகின்றன. கேபிளுக்குள் ஈரம் இறங்கிச் சில ஜோடிகள் பழுதானால், பழைய சந்தாதாரரை உடனே காலி ஜோடிக்கு மாற்றிவிடுகிறார்கள். புதியவருக்கென்று இருந்தது அப்படியே போய்விடுகிறது.

பிறகு புதுக் கேபிள்தான் வழி. சாலையைத் தோண்ட அனுமதி வேண்டும், குழி வேண்டும், இணைப்பவர் வேண்டும். கம்பிகளை அடையாளம் காண அவற்றின் உறைக்கு நிறம் உண்டு. பல நாடுகளில் வழங்கும் முறைப்படி வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஆகியவற்றில் ஒன்றும், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் ஆகியவற்றில் ஒன்றும் சேர்ந்து ஒரு ஜோடி, ஒரு கட்டுக்கு மொத்தம் 25 ஜோடிகள். குழிக்குள் குந்தியிருக்கும் தொழிலாளி, அரை மில்லிமீட்டர் பருமனுள்ள அந்தக் கம்பிகளை நிறம் பார்த்து ஒவ்வொன்றாக இணைக்கிறார். 400 ஜோடிக் கேபிள் என்றால் இப்படி 16 கட்டுகள், 800 கம்பிகள். ஒரு ஜோடி மாறினாலும் ஒருவர் எண்ணுக்கு வரும் அழைப்பு இன்னொருவர் வீட்டில் ஒலிக்கும்.

கம்பத்துப் பெட்டியில் மட்டும் இடமில்லையென்றால் வேலை சில நாள்களில் முடியலாம். தடித்த கேபிளிலேயே ஜோடி தீர்ந்திருந்தால் மாதங்கள் ஆகும். வெறுமனே "தொழில்நுட்பக் காரணம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். ஜோடி எந்த இடத்தில் இல்லை என்று கேளுங்கள்.