அனிரிடியா: தமிழில் கதிராளியின்மை

அனிரிடியா என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'அன்' என்றால் இல்லாமை. 'ஐரிஸ்' என்றால் வானவில். கிரேக்கர்களின் வானவில் தெய்வத்துக்கும் அதுவே பெயர். கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள வண்ண வளையத்துக்கு, அதன் நிறத்தை வைத்து அந்தப் பெயர் வந்தது. அந்த வளையம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ பிறப்பதுதான் அனிரிடியா.

தமிழில் 'கருவிழியின்மை' என்று சொல்லத் தோன்றும். அது குழப்பத்தில் விடும். கண் தானம் பற்றிப் பேசும்போது கருவிழி என்று நாம் சொல்வது, கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலிருக்கும் கார்னியாவை. ஐரிஸுக்குக் 'கதிராளி' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. கதிரை ஆள்வது கதிராளி. வெயிலில் பாவையைச் சுருக்கி, இருட்டில் விரித்து, உள்ளே போகும் ஒளியை அளந்து விடுகிறதல்லவா? அதனால் 'கதிராளியின்மை' என்பதே பொருத்தம்.

சரி, வளையம் மட்டும்தான் குறையா? இல்லை. பெரும்பாலானவர்களுக்கு, கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் மையக்குழியும் சரியாக உருவாகியிருக்காது. பார்வை மங்குவதற்கு முக்கியக் காரணம் அதுதான். கறுப்புக் கண்ணாடி போட்டால் வெளிச்சத்தில் கண் கூசுவது குறையும், பார்வை கூர்மையாகிவிடாது. கண்புரையும் கண் அழுத்த நோயும் பின்னால் வரலாம். வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை தேவை.

கருவில் கண் உருவாவதை வழிநடத்தும் பாக்ஸ்6 என்ற மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே அனிரிடியா வந்துவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வருவதில்லை, தாய் கிரகணத்தைப் பார்த்ததாலும் வருவதில்லை. பெற்ற தாயைக் குற்றவாளியாக்கும் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும்.

ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருக்காது. மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்திருக்கும். அவர்களில் சிலருக்குப் பாக்ஸ்6-உடன் பக்கத்திலுள்ள டபிள்யூடி1 மரபணுவும் சேர்ந்து அழிந்திருக்கும். அந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். ஆகவே குடும்பத்தில் முதல்முறையாக இப்படி ஒரு குழந்தை பிறந்தால், கண் மருத்துவரோடு நிற்காமல் மரபணுப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். அந்த அழிவு உறுதியானால், சிறு வயதில் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதைத் தவறவிடக் கூடாது.