கொக்கி இறங்குவதற்கு முன்பே சொக்சோ கட்டியிருக்க வேண்டும்

மலேசியாவில் பாகான் டத்தோ பக்கம் எங்கள் தோட்டத்தில் ஞாயிறு வந்தால் பலர் சம்பானை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார்கள். அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "எஸ்டேட்டில்தான் சொக்சோ பிடிக்கிறார்களே" என்பார்கள். சொக்சோ என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு. அப்படி நம்பிய ஓர் அண்ணனோடு மூன்று முறை சொக்சோ அலுவலகத்துக்கு நானும் அலைந்தேன். இடது தோளில் கட்டு, வலது கையில் பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம். மூன்று முறையும் வெறுங்கைதான்.

கடலில் அவரை மீட்க வந்த ஹெலிகாப்டர் இறக்கிய கம்பியின் கொக்கியை அந்த அண்ணன் பாய்ந்து பிடித்தார். ஷாக் அடித்து விழுந்ததில் தோள் விலகிவிட்டது. அந்தக் கம்பியில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். முதலில் அது தண்ணீரையோ படகையோ தொடட்டும், அப்புறம் பிடியுங்கள். ஆனால் அந்தக் கம்பியைப் படகில் கட்டிவிடாதீர்கள். வலை, தார்ப்பாய் எல்லாவற்றையும் முன்னரே சுருட்டி இறுக்கிக் கட்டுங்கள், இறக்கைக் காற்று அள்ளிவிடும். தூக்குப் பட்டையை அக்குளுக்குக் கீழே மாட்டியதும் கைகளைக் கீழேயே வையுங்கள். உயர்த்தினால் நழுவிவிடுவீர்கள்.

சரி, கரைக்கு வந்த பிறகு என்ன?

எஸ்டேட் சம்பளத்தில் பிடிக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பகுதி, எஸ்டேட் வேலைக்கு மட்டும்தான். மீன்பிடித் தொழிலுக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சட்டத்தில், அதாவது 789ஆம் சட்டத்தில், தனியாகப் பதிய வேண்டும். முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு வந்தது, 2020இல் மீனவர்களுக்கும் விரிந்தது. ஆண்டுக்கு 157 ரிங்கிட் 20 சென்னிலிருந்து திட்டம் உண்டு. விபத்துக்குப் பிறகு ஓடிப்போய்க் கட்டினால் அந்த விபத்துக்கு ஒரு காசும் கிடைக்காது. ஓராண்டுக்குக் கட்டியவர்கள் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நினைவூட்ட யாராவது வருவார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டுக் குழம்புக்குப் பிடித்த மீன் தொழில் ஆகாது. அதனால் மீன் விற்ற ரசீது ஒவ்வொன்றையும் எடுத்து வையுங்கள். தவுக்கே, அதாவது முதலாளி, படகில் சம்பளத்துக்குப் போகிறவருக்குச் சொக்சோ கட்ட வேண்டியவர் தவுக்கே. "நீயே கட்டிக்கொள்" என்றால் ஏமாறாதீர்கள்.

எங்கள் அண்ணனின் போலீஸ் புகாரில் "ஜாத்தோ டி லாவுட்", கடலில் விழுந்தார், அவ்வளவுதான் இருந்தது. எதற்காகக் கடலுக்குப் போனார் என்ற கேள்வி சொக்சோ முகப்பில் உடனே முளைத்தது. "செமாசா மெனாங்காப் ஈக்கான்", மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது என்று எழுதச் சொல்லுங்கள். டாக்டரிடமும் அதையே சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.