பறை ஏன் நெருப்பு கேட்கிறது?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டில் ஓர் அம்மன் கோயில் தெரு. காலையில் கூழ் ஊற்றி முடித்தாயிற்று, சாயங்காலம் கரகம் புறப்பட வேண்டும். மதியம் ஒரு சாரல் போட்டுவிட்டு நின்றிருந்தது. கடல் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பூட்டிய கடை ஒன்றின் வாசலில் நான்கு பேர் குந்தியிருந்தார்கள். நடுவில் பழைய செய்தித்தாளும் வைக்கோலும் எரிந்துகொண்டிருந்தன. மூன்று பேர் தங்கள் பறையை அந்தத் தீயின் மேல் காட்டிக்கொண்டிருந்தார்கள். விழாக்குழுத் தம்பி ஒருவர் ஓடிவந்தார்.

"அண்ணே, நேரமாவுது. ஆரம்பிங்கண்ணே."

"இருப்பா, தோலு இறங்கிக்குது. இப்படியே அடிச்சா தெரு தாண்டாது."

சொன்னவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பறையை ஒரு முழ உயரத்தில் பிடித்து, அப்பளம் சுடுவதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தார். நடுநடுவே காதருகே கொண்டுபோய் விரலால் ஒரு சுண்டு. முதலில் 'தொப்' என்றது. மறுபடி தீ, மறுபடி சுண்டு. நாலைந்து முறைக்குப் பிறகு 'டங்' என்று தெறித்தது. அப்புறம்தான் எழுந்தார்.

இதில் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சூடு பட்டால் பொருள்கள் விரியும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். தண்டவாளம் விரிகிறது, மின்கம்பி தொய்கிறது. அப்படியானால் தோலும் தொய்ந்து சத்தம் இன்னும் இறங்க வேண்டுமே? இங்கே நேர்மாறாக நடக்கிறது. காரணம், அந்த நெருப்பின் முக்கிய வேலை தோலைச் சூடாக்குவது அல்ல, தோலில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவது.

மாட்டுத் தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட நுண்ணிய கயிறுகள் கட்டுக்கட்டாகப் பின்னிக் கிடப்பதுதான் தோல். இந்த இழைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் ஈரம் ஏறினால் நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். இழைகள் விலகும், வழுக்கும், தோல் கொஞ்சம் நீளும். மூடி சரியாக மூடாத டப்பாவில் அப்பளம் நமுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே கதைதான். தலைமுடிகூட ஈரத்தில் நீளும். 1783இல் சுவிட்சர்லாந்தின் ஓராஸ் பெனடிக்ட் டி சொசூர் அந்த நீட்சியைக் கொண்டே காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியை விவரித்து எழுதினார்.

கடலுக்குப் போகிறவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். நார்க்கயிறு நனைந்தால் இறுகத்தானே செய்கிறது? ஆமாம். கயிறு முறுக்கப்பட்டது. உள்ளே நார் ஊதிப் பருக்கும்போது முறுக்கு இன்னும் வளைந்துபோக வேண்டியிருக்கிறது, அதனால் நீளம் குறைகிறது. பறைத் தோலுக்கு அப்படி ஒட்டுமொத்த முறுக்கு இல்லை. இழைகள் பரப்பில் படர்ந்து கிடப்பதால் அவை ஊதினால் பரப்புதான் தொய்கிறது.

பறை கட்டும் முறையே இந்தக் குணத்தை நம்பித்தான் இருக்கிறது. வேப்பமரத் துண்டுகளை இணைத்து வளையம் செய்வார்கள், இப்போது இரும்பு வளையமும் உண்டு. தோலை ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் வளையத்தில் ஒட்டிக் காயவைப்பார்கள். காயும் தோல் சுருங்கப் பார்க்கும், வளையம் விடாது. அந்த இழுபறிதான் விறைப்பு. மிருதங்கத்துக்கு வார் இருக்கிறது, கல்லால் தட்டி ஏற்றி இறக்கலாம். பறைக்கு வாரும் இல்லை, திருகாணியும் இல்லை. சபாவில் மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டும்போது நாம் மரியாதையாகக் காத்திருக்கிறோம். தெருவில் காகிதம் கொளுத்துவதும் அதே சுருதி சேர்க்கும் வேலைதான். இதற்கு மட்டும் ஏன் நம்மால் ஐந்து நிமிடம் பொறுக்க முடிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

விறைப்புக்கும் சுருதிக்கும் கணக்கு இருக்கிறது. அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஈரக் காற்றில் விறைப்பு கால்பங்கு குறைந்தால் அதிர்வெண் 13 சதவீதம் இறங்கும். சங்கீதக் கணக்கில் சுமார் இரண்டரை ஸ்வரஸ்தானம். ஈரத்தால் தோலின் எடை கூடுவதும் சுருதியை இறக்கும். அதோடு, ஈரத் தோல் அதிர்வை உள்ளேயே விழுங்கிவிடும். 'டங்' என்று நீளாமல் 'தொப்' என்று செத்துப்போவது இதனால்தான்.

சரி, சிறு காகிதத் தீ எப்படி இவ்வளவு சீக்கிரம் தோலைக் காயவைக்கிறது? சென்னை மாலையில் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 28 சதவீதத்துக்கு விழுந்துவிடும். சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். தோலும் மெல்லியது, ஈரம் வெளியேறப் போக வேண்டிய தூரம் குறைவு. ஆனால் போன வழியிலேயே ஈரம் திரும்பியும் வரும். அதனால்தான் ஊர்வலம் போகப் போக மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கிறது.

அவர் பறையை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தாரே, அதிலும் விஷயம் இருக்கிறது. நன்றாக ஈரமான கொலாஜன் 60 டிகிரியைத் தாண்டினாலே முறுக்கு அவிழ்ந்து, திரும்ப முடியாதபடி சுருண்டுவிடும். எலும்பு சூப்பில் நடப்பதும் இதுதான். காய்ந்த கொலாஜனோ 100 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆக, ஈரம் அதிகமாக இருக்கும்போதுதான் தோலுக்கு ஆபத்து அதிகம். முதலில் தள்ளிப் பிடித்து மெல்லக் காட்டி, ஈரம் இறங்கிய பிறகு நெருக்க வேண்டும். அவர் செய்தது அச்சு அசலாக அதுதான்.

காய்ந்த பறையை அடிக்க இரண்டு குச்சிகள். வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடது கையில் நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி. அடிக்குச்சி நடுவில் விழுந்தால் தோல் முழுவதும் ஒரே வயிறுபோல் மேலும் கீழும் போகும், கனத்த ஒலி. சிண்டுக்குச்சி பட்டதும் விலகிவிடும். தொடும் நேரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு உயர்ந்த அதிர்வுகள் கிளம்பும்.

கம்பியின் அதிர்வுகள் 1, 2, 3 என்று முழு எண் விகிதத்தில் வரும், அதனால் வீணைக்குத் தெளிவான ஸ்வரம். வட்டத் தோலில் அவை 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் வரும். பறையொலியில் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்க முடியாமல், கரகரப்பும் வெடிப்பும் கலந்து கேட்பது இதனால். மிருதங்கத்தின் நடுவே இருக்கும் கருப்புக் கரணை அந்த அதிர்வுகளை முழு எண் விகிதத்துக்கு இழுத்து வருகிறது என்பதை சி.வி.ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பறைக்குக் கரணை வேண்டாம். இதற்கு வேலையே வேறு.

பறையின் பின்புறம் திறந்திருக்கும். தோல் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகளில் இந்த இரண்டும் ஓரத்தில் வளைந்து சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உயர்ந்த ஒலிகள் அவ்வளவாக அழியாமல் தப்பிக்கும். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. லாரி இரைச்சலின் பெரும்பகுதி அதற்குக் கீழே. அதனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் நடுவிலும் சிண்டுக்குச்சியின் சத்தம் தனியாகக் கேட்கிறது. நெய்தல் நிலத்துக்குரிய பறை மீன்கோட்பறை என்று பழைய இலக்கணம் சொல்லும். கடலோரத்துக்கும் பறைக்கும் இருக்கும் உறவு அவ்வளவு பழையது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல.

நால்வரில் ஒருவர் தீப் பக்கமே வரவில்லை. அவர் பறையில் இருந்தது பிளாஸ்டிக் தோல். பாலியஸ்டர் படலம் ஈரத்தை அநேகமாகக் குடிப்பதே இல்லை, மழையிலும் சுருதி நிற்கும். அமெரிக்காவில் 1950களில் டிரம்முக்காக வந்த சரக்கு. ஆனால் சீரான அந்தப் படலம் ஒரே மாதிரி கணீரென்று நீளும், தோலின் சொரசொரப்பும் வெதுவெதுப்பும் வராது. என் காதுக்குத் தோல்தான்.

இரவு ஒன்பது மணிக்குக் கரகம் கடலோரச் சாலைக்குத் திரும்பியது. பத்து நிமிடத்தில் மூன்று பறைகளும் மந்தமாகிவிட்டன. யாரோ ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொளுத்தினார்கள். மூவரும் குந்தி உட்கார, பிளாஸ்டிக் பறைக்காரர் மட்டும் நின்றபடி தனியாளாகத் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் பறை 'டங்' என்றதும் அவர் திரும்பிப் பார்த்து வேகத்தைக் கூட்டினார்.