அடிப்படைவாதியா, மதவெறியனா?

பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து குடிமையியல் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு குண்டுவெடிப்புச் செய்தி. ‘மத அடிப்படைவாதிகள் கைவரிசை’ என்று திரையின் கீழே எழுத்து ஓடியது. அவள் மடியில் விரிந்திருந்த பாடத்தின் தலைப்பு ‘அடிப்படை உரிமைகள்’. “அடிப்படை என்றால் நல்லதுதானே மாமா? மதத்தின் அடிப்படையைப் பிடித்துக்கொண்டவன் ஏன் குண்டு வைக்கிறான்?” என்று கேட்டாள்.

சரியான கேள்வி. பிழை அவளிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது.

‘ஃபண்டமெண்டலிசம்’ என்பதன் நேர்பெயர்ப்புதான் அடிப்படைவாதம். அந்த ஆங்கிலச் சொல் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களிடையே பிறந்தது. விவிலியத்தில் பிழையே இல்லை என்பது போன்ற கொள்கைகளை வலியுறுத்தி 1910 முதல் 1915 வரை அங்கே ‘த ஃபண்டமெண்டல்ஸ்’ என்ற பெயரில் 12 தொகுதிகள் வெளிவந்தன. கலிஃபோர்னியாவின் எண்ணெய் முதலாளி லைமன் ஸ்டூவர்ட் பணம் கொடுத்தார். அந்தக் கொள்கைகளுக்காக மல்லுக்கட்ட முன்வந்தவர்களுக்கு 1920-இல் பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்த பத்திரிகை ஆசிரியர் கர்டிஸ் லீ லாஸ் ‘ஃபண்டமெண்டலிஸ்ட்’ என்ற பெயரைச் சூட்டினார். அவர்களும் பெருமையோடு ஏற்றுக்கொண்டார்கள். 1925-இல் பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது டென்னசியில் வழக்கு நடந்த பிறகு அது ஏளனப் பெயராக மாறியது. 1979 ஈரான் புரட்சிக்குப் பின் முஸ்லிம்கள் மீதும் பரவலாக ஒட்டிக்கொண்டது. தமிழுக்கு வந்து சேர்ந்தபோது இந்த வரலாறு எதுவும் கூட வரவில்லை.

தமிழில் ‘அடிப்படை’ எவ்வளவு நல்ல சொல்! அடிப்படை வசதி, அடிப்படைக் கல்வி, அடிப்படை ஊதியம் என்று இல்லாதவர்கள் கேட்டுப் போராடுகிற பொருள்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிற சொல். அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் சமயச் சுதந்திரமும் ஓர் அடிப்படை உரிமைதான். அப்படிப்பட்ட சொல்லைக் கொலைகாரனுக்குப் பட்டமாகக் கொடுத்தால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? இந்த மதத்தின் அடியில் கொலை இருக்கிறது, அதை ஆழமாக நம்புகிறவன் குண்டு வைப்பான், மேலோட்டமாக நம்புகிறவன் சும்மா இருப்பான் என்றுதான். செய்தவன் ஒருவன், தீர்ப்பு அவன் மதத்துக்கு. ஐந்து வேளை தொழுதுவிட்டுக் கடையைத் திறக்கிற மனிதர் அந்தத் தீர்ப்பைச் சுமக்கிறார்.

இலங்கையில் 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அதைச் செய்தவர்களைப் ‘பௌத்த அடிப்படைவாதிகள்’ என்று எழுதுகிறார்கள். பௌத்தர்களின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தில் முதல் சீலமே கொல்லாமை. அடிப்படையை உடைத்தவனுக்கு அடிப்படைவாதி என்ற பெயர் எப்படிப் பொருந்தும்? ‘ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவனைப் போன்றவன்’ என்ற பொருளில் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் பேசுகிறது. அதை மீறியவனுக்கும் அதே பெயரா?

கொலைகாரர்களே வேதத்தை மேற்கோள் காட்டுகிறார்களே என்பார்கள். காட்டட்டும். அது அவர்களுடைய வாக்குமூலம். அதற்கு முத்திரை குத்திக் கொடுப்பது மொழிபெயர்ப்பாளர் வேலையா? வேதநூல்களில் வன்முறை இருக்கிறது என்று நினைப்பவர் வரியை எடுத்துக் காட்டி வாதாடட்டும், அது நேர்மையான வேலை. ஒரு பெயர்ச்சொல்லுக்குள் அந்த வாதத்தை ஒளித்துவைப்பது நேர்மையாகாது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? ‘வெறி’ சங்க இலக்கியத்துச் சொல். குறிஞ்சித் திணையில் முருகன் அருள் ஏறிப் பூசாரியான வேலன் ஆடுவது வெறியாட்டு. தெய்வத்தின் பெயரால் ஒருவன் தன்னிலை மறப்பதைக் குறிக்க இதைவிடப் பழைய சொல்லுக்கு எங்கே போவது? ‘மதவெறியன்’ என்றால் குற்றம் வெறி பிடித்தவனிடம் நிற்கிறது, மதத்தின் மேல் ஏறுவதில்லை. இலங்கைத் தமிழ் ஏடுகள் எழுதும் ‘கடும்போக்கு’ என்பதும் எனக்குப் பிடிக்கும். அது ஆளின் போக்கைச் சொல்கிறது. வேதத்தின் எழுத்தை அப்படியே பிடித்துத் தொங்குகிற, யாரையும் அடிக்காத அமெரிக்கப் பாப்டிஸ்டைக் குறிக்க வேண்டுமானால் ‘நூற்பிடிவாதம்’ என்று எழுதலாம். பிடிவாதம் நாம் தினமும் புழங்குகிற சொல், விளக்கம் வேண்டாம்.

ஆங்கிலத்தில் ‘இசம்’ என்று முடிந்தால் போதும், கை தானாக ‘வாதம்’ சேர்த்துவிடுகிறது. தீவிரவாதம், மதவாதம், பழமைவாதம், பயங்கரவாதம் எல்லாம் ஒரே செய்தியில் ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றாக வருகின்றன. கடவுள் நம்பிக்கையில் உறுதியான பாட்டியும் கத்தி எடுத்தவனும் ஒரே சொல்லுக்குள் அடைபடுகிறார்கள். பற்று, வெறி, பிடிவாதம், கடும்போக்கு ஆகிய நான்கும் நான்கு வேறு நிலைகள், நான்குக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது.

அன்றைய செய்தியில் குண்டு வைத்தது யார் என்று காவல்துறை அதுவரை சொல்லியிருக்கவே இல்லை. ‘குண்டு வெடித்தது’ என்று மட்டும் ஓடவிட்டிருக்கலாம்.