பென்சிலின் ஏற்றும்போது தாதியர் எதைக் கவனிக்கிறார்கள்?

பெரும்போக வயல்களில் நீர் நிற்கும் மாதங்களில், சேற்றில் இறங்கி வேளாண்மை செய்பவர்கள் எலிக்காய்ச்சலுடன் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்ட வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவதுண்டு. நோய் கடுமையானால் வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று பென்சிலின்: பெரியவர்களுக்கு வழமையாக 15 இலட்சம் அலகு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளத்தினூடாக. அந்த இடைவெளி விடுதியின் வசதிக்காக வகுக்கப்பட்டதன்று.

வளரும் பற்றீரியா தன் கலச்சுவரின் இழைகளைப் பிணைப்பதற்கு ஒரு நொதியத்தைப் பயன்படுத்துகிறது. பென்சிலின் மூலக்கூறிலுள்ள பீற்றா-லக்ரம் எனும் வளைய வடிவப் பகுதி திறந்து அந்நொதியத்தில் ஒட்டிக்கொள்வதால், பிணைக்கும் வேலை நின்று, சுவர் நலிந்து, கிருமி சிதைகிறது. மனிதக் கலங்களுக்கு அத்தகைய சுவரே இல்லை. இங்கே மருந்தின் செறிவு எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, தேவையான செறிவு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதே முக்கியம். சிறுநீரகங்களோ ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் குருதியிலுள்ள மருந்தைப் பாதியாக்கிவிடுகின்றன. நள்ளிரவு 12 மணி ஊசி பிந்தினால் அந்த அவகாசம் கிருமிக்குத்தான்.

இதே வளையம் நம் உடலின் புரதங்களிலும் ஒட்டக்கூடியது. அவ்வாறு உருமாறிய புரதத்தை அந்நியப் பொருளாகக் கருதிச் சிலரது உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கிவைக்கிறது. அடுத்த ஊசியில் அவை விழித்துக்கொள்கின்றன. எனவேதான் முதல் ஊசிக்கு முன் தாதி, "முன்னர் பென்சிலின் ஏற்றியபோது உடம்பு தடித்ததா, உதடு வீங்கியதா, மூச்சு முட்டியதா?" எனத் துருவிக் கேட்கிறார். "பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பவர்களுள் பெரும்பாலோருக்கு, முறையாகச் சோதித்தால், உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லை. வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் அப்படி நினைத்திருப்பார்கள். ஆயினும் சோதிக்கும்வரை அச்சொல்லை டிக்கட்டில் (நோயாளியின் சிகிச்சைப் பதிவேட்டில்) எழுதி வைத்தியருக்கு அறிவிப்பதே முறை. அமொக்சிசிலினும் குளொக்சசிலினும் இதே குடும்பம் என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்காது.

ஊசிக்குப் பின் குறைந்தது 30 நிமிடம் அவதானிக்க வேண்டும். மூச்சிரைப்போ, குருதியமுக்க வீழ்ச்சியோ தோன்றினால் மருந்தை உடனே நிறுத்தி, தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஏற்றப்படுகிறது. பெரியவருக்கு 1:1000 கரைசலில் 0.5 மில்லிலீற்றர். பிரிட்டன் (Piriton) போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் அதற்கு ஈடாகா.

எலிக்காய்ச்சலில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் ஊசி ஏற்றிச் சில மணித்தியாலங்களில் நடுக்கத்துடன் காய்ச்சல் ஏறி, குருதியமுக்கம் இறங்கலாம். தடிப்போ மூச்சிரைப்போ இல்லையெனில், இது சிதைந்த கிருமிகளின் கூறுகளுக்கு உடல் காட்டும் எதிர்வினையாக இருக்கக்கூடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். இதனை ஒவ்வாமை எனக் கொண்டு பென்சிலினைக் கைவிட்டால் நோயாளி தேவையான மருந்தை இழப்பார். இரண்டையும் பிரித்தறிய வைத்தியருக்கு உதவுவது, அறிகுறி தோன்றிய நேரத்தைத் தாதி துல்லியமாகக் குறித்துவைத்த பதிவே.

மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமற்றிக் காய்ச்சலுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சத்தீன் பென்சிலின் வேறு வகை. கஞ்சிபோல் தடித்த அந்த வெண்கலவை தசையில் ஆழமாக மட்டுமே ஏற்றப்பட வேண்டும். நாளத்தினுள் சென்றால் இதயம் நின்றுவிடலாம். குப்பியின் பெயரில் "பென்சிலின்" என்ற சொல்லை மட்டும் பார்த்து மருந்தை எடுக்கக்கூடாது.