நட்டஈடு வேறு, நிவாரணம் வேறு

வீதி அகலிப்புக்கோ குழாய் பதிப்புக்கோ காணி அளந்து கல்லுப் போட்டதும் ஊரில் ஒரு கூட்டம் வைப்பார்கள். ஒலிவாங்கியைப் பிடிப்பவர், "காணி போற ஆக்களுக்கு நிவாரணம் கிடைக்கும்" என்பார். கையில் தரும் துண்டுப்பிரசுரத்திலும் அதே சொல். கொம்பன்சேஷன் என்று புறப்பட்டது தமிழுக்கு வந்து சேரும்போது நிவாரணம் ஆகிவிடுகிறது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த இடத்துக்குரிய சொல் நட்டஈடு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நட்டம் என்பது நஷ்டம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். ஈடு என்பது இடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர்; படு பாடானது போல, சுடு சூடானது போல. ஒன்று இருந்த இடத்தில் அதன் அளவுக்கு இடப்படுவது ஈடு. காணி உறுதிப் பத்திரங்களோடு பழகியவர்களுக்கு ஈடு வைத்தலும் ஈட்டு உறுதியும் தெரியும்: வாங்கிய கடனின் எடைக்கு நிற்கும் காணி. கொம்பன்சேஷனின் இலத்தீன் வேரும் சேர்த்து வைத்து நிறுப்பதைத்தான் சொல்கிறது. ஒரு தட்டில் காணி, மற்றத் தட்டில் காசு.

நிவாரணம் தராசில் ஏறாத சொல். அதன் வேரில் கிடப்பது தடுத்தல், நீக்குதல். வலி நிவாரணியில் இருப்பது அதுதான். நோவை நீக்கினால் அதன் வேலை முடிந்தது, இழந்த பொருளின் பெறுமதியோடு அதற்குக் கணக்கில்லை. அதோடு வன்னியில் நிவாரணம் என்றால் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அரிசி, மா, பருப்பு, சீனி. சங்கக்கடை வரிசை. வீட்டில் எத்தனை தலை என்று எண்ணி அளந்த பங்கு. கூடக் கேட்க முடியாது, குறைந்தால் வழக்குப் போட முடியாது. தருபவர் நினைத்த அளவு அது. இந்தச் சொல்லைத்தான் கொண்டுவந்து காணிக்காரரின் தலையில் வைக்கிறார்கள்.

வைத்ததும் என்ன நடக்கிறது? நிவாரணம் என்று காதில் விழுந்தவர் குடும்ப அட்டையையும் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போவார். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் கேட்பது வேறு. காணியை எடுக்கப் போவதாகச் சொல்லிக் கோரிக்கை கேட்கும் 7 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால், விசாரணைத் திகதிக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக, எழுத்தில், இரண்டு பிரதியாக, காணியில் தனக்குள்ள உரித்து என்ன, கேட்கும் தொகை எவ்வளவு, அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டார் என்பதைக் கொடுக்க வேண்டும். தொகையைச் சொல்ல வேண்டியவர் காணிக்காரர்! நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பவரிடம் யாராவது கணக்குக் கேட்டதுண்டா? உறுதி, காணிப் பதிவகப் பிரதி, நில அளவைப் படம், கிணறு மரம் மதில் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, அயலில் அண்மையில் விலைப்பட்ட காணியின் உறுதி இலக்கம் என்று அடுக்க வேண்டிய இடத்தில் பலர் "தாறதைத் தாங்கோ" என்று வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

அடுத்தது விலை. 45 ஆம் பிரிவின்படி, விரும்பி விற்பவர் திறந்த சந்தையில் விற்றால் என்ன வருமோ அதுதான் சந்தைப் பெறுமதி. அதுவும் 7 ஆம் பிரிவு அறிவித்தல் வெளியான நாளின் விலை. அந்தத் திகதியைக் குறித்து வைக்காதவர், காசு கைக்கு வரும் நாளின் விலையை மனதில் வைத்துக்கொண்டு வாதாடித் தோற்பார். தொகையை முடிவுசெய்யும் 17 ஆம் பிரிவின் தீர்ப்பு குறைவென்று பட்டால், அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீடு என்ற ஒன்று இருப்பதே இது கொடையல்ல, கடன் என்பதால். உரித்துள்ளவர் என்பதில் ஈடு பிடித்தவரும் குத்தகைக்காரரும் அடக்கம். மாத வாடகைக்காரர் மட்டும் அடங்கார்.

வயலில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச் வயலைக் குறுக்கே வெட்டி வீதி 20 பேர்ச்சை எடுக்கிறது என்று வைப்போம். மிச்சம் 140. ஆனால் மேற்கு மூலையில் நிற்கும் ஆப்புத் துண்டுக்கு வாய்க்கால் அறுந்துவிட்டது, வெட்டு மெசின் திரும்ப இடமில்லை, புது வீதியின் மண்மேடு மழைத் தண்ணீரை வரம்புக்குள் மறித்து நிற்கிறது. பிரிக்கப்பட்டதால் மிச்சக் காணிக்கு வந்த கேடும் சட்டப்படி ஈட்டுக்குள் வரும். நட்டம் என்று நினைத்தவர் அதையும் எழுதுவார். நிவாரணம் என்று நினைத்தவர் 20 பேர்ச்சுக்கு எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வருவார்.

"நிவாரணம் என்றால் சனத்துக்கு விளங்கும்" என்பது மொழிபெயர்ப்பவர்களின் சாட்டு. விளங்கும்தான், பிழையாக விளங்கும். சிங்களத்தில் நிவாரணத்துக்குச் சகன, நட்டஈட்டுக்கு வந்தி. அங்கே ஒருவரும் குழப்புவதில்லை. தமிழிலும் இரண்டு சொல் இருக்கத்தக்கதாக ஒன்றால் இரண்டையும் மூடுவது சோம்பல். வெள்ளத்தில் வீடு போனவருக்கு முதல் கிழமை கொடுப்பது நிவாரணம், சரி. தமிழ்நாட்டின் முதலமைச்சர் நிவாரண நிதி, அதுவும் சரி. நீதிமன்றத்தில் வழக்காளி வேண்டுவதையும் நிவாரணம் என்கிறார்கள்; அதற்குப் பரிகாரம் என்ற சொல் இருக்கிறது, அது வேறு சண்டை.

பேமிற் (அரச அனுமதிப் பத்திரக்) காணியில்தான் இந்தக் குழப்பம் மோசம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெற்ற காணிகள் வன்னியில் ஏராளம். "உறுதி இல்லைத்தானே, நிவாரணம் தருவம்" என்பது வழக்கமான பேச்சு. இந்தத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளின் விதி அப்படிச் சொல்லவில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 2009 பாதுகாப்புக் கொள்கை, நிலத்தில் உரித்தே இல்லாதவருக்கும் அவர் கட்டிய வீடு, தோண்டிய கிணறு, நட்ட மரம் ஆகியவற்றுக்கு ஈடு கொடுக்கச் சொன்னது. குறித்த எல்லைத் திகதிக்கு முன் குடியிருந்திருந்தால் போதும். கட்-ஓஃப் டேற் எனப்படும் அந்தத் திகதியையும் "துண்டிப்புத் திகதி" என்று பெயர்த்து, மின்சாரம் வெட்டப் போகிறார்களோ என்று சனத்தைப் பயப்படுத்துகிறார்கள். அதே கொள்கை கேட்ட முழு மாற்றுப் பெறுமதியும் "மாற்றுச் செலவு" ஆகிறது. விசயம் எளிது: அதேமாதிரி வீட்டை இன்று திரும்பக் கட்டும் காசு, தேய்மானம் கழிக்காமல். இன்று கட்ட 20 இலட்சம் செலவாகும் பழைய வீட்டுக்குப் பாதி தேய்மானம் போட்டால் 10 இலட்சம்தான் வரும். அந்தக் காசுக்கு அத்திவாரமும் சுவரும் எழும்பும், கூரை ஏறாது.

"நிவாரணப் பொதி" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பக்கேஜ் பொதியானது! பொதி என்றால் இங்கே நைலோன் பையில் கட்டிய உலர் உணவு.

இனி, இழப்பீடுதான் தூய தமிழ் என்பவர்கள். இழப்பு, ஈடு இரண்டும் தமிழ், புணர்ச்சியும் சுத்தம். சொல்லாக அது நட்டஈட்டை விட நல்ல சொல் என்பதில் மறுப்பில்லை. ஆனால் இலங்கையில் அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது இழப்பீடு. போரில் பறிபோனதற்கு அரசு செய்ய வேண்டியது அங்கே பேசப்படுகிறது. முள்ளிவாய்க்காலில் மகனைத் தொலைத்தவரின் கோப்பும் ஏ-9 ஓரத்தில் மதில் இழந்தவரின் கோப்பும் ஒரே சொல்லின் கீழ் கிடக்கக் கூடாது. காணிக்கு நட்டஈடு நிற்கட்டும். வடசொல் ஒட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தூய்மைக்குச் சண்டை போடுபவர்கள் மீள்குடியேற்றத்தைப் பார்க்கலாம். தூய தமிழ், இடம் பிழை. 2009க்குப் பிறகு வன்னியில் மீள்குடியேற்றம் என்றால் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து சொந்தக் காணிக்குத் திரும்பியது. திட்ட ஆவணத்தில் அதே சொல் சொந்தக் காணியை விட்டு எழுப்புவதைக் குறிக்கிறது. "விருப்பமற்ற மீள்குடியேற்றம்" என்ற தலைப்பைப் பார்ப்பவர், ஊருக்குத் திரும்ப விருப்பமில்லாத ஆக்கள் யார் என்று யோசிப்பார். கட்டாய இடமாற்றம் என்று எழுதினால் முடிந்தது.

எழுத்து பற்றியும் ஒன்று. நட்டம், ஈடு இரண்டையும் இலக்கணப்படி சேர்த்தால் நட்டவீடு. அதைக் கோரிக்கைப் படிவத்தில் எழுதினால் மதிப்பீட்டுக்காரர், வீட்டை எப்போது நட்டீர்கள் என்று கேட்கக்கூடும். நட்டஈடு என்றே விட்டு எழுதுங்கள்.